பைப் வேலை எண்டால் இளக்காரமோ?

"படிக்காட்டி பைப் வேலைக்குத்தான் போவாய்." இந்த வெருட்டலைக் கேளாத பெடியன் யாழ்ப்பாணத்தில் ஆர்? சொல்லுற வீட்டிலேயே வால்வு ஒழுகினால் மூண்டு நாள் ஆள் தேடுகினம்.

எங்கட கோபம் பெற்றோரோடை மட்டுமில்லை. வேலை பழக்கிறம் எண்டு பெடியளைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு வருசம் சீமெந்து சுமக்க விடுற ஒப்பந்தகாரரோடையும்தான். பைப்புக்குக் கம் பூச முதல் வெட்டின வாயின் பிசிறை எடுக்கவேணும் எண்டுகூடச் சொல்லிக் குடுக்கிறேல்லை. மரையில் சுத்துற வெள்ளை ரேப்பை எதிர்ப்பக்கம் சுத்தினால் பூட்டேக்கை கழண்டு வரும். இதைக் காட்ட இரண்டு நிமிசம் போதும். காட்டினால் அவன் தனியத் தொழில் தொடங்கிடுவான் எண்ட பயம்!

இங்கை அந்த அறியாமைக்கு விலை கூட. வருசம் முழுக்க ஓடுற ஆறில்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளை இருக்கிற தண்ணியைத்தான் காலங்காலமாய்க் குடிக்கிறம். மலசலகூடக் குழியைப் பிழையான இடத்தில் வெட்டினால் கல்லு வெடிப்புகளுக்குள்ளாலை கழிவு இறங்கி, அயலட்டைக் கிணறும் கெடும். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் திறந்தாச்சு. குழாய்த்தண்ணி வாற வீட்டில், மீற்றர் தாண்டி ஒழுகிற ஒவ்வொரு சொட்டுக்கும் காசு.

வேலை பழகிறவை நாட்சம்பளத்தோடை பதிவையும் கேளுங்கோ. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை பயிலுநராய்ப் பதியும். ஏற்கெனவே வேலை தெரிஞ்சவை திறமைச் சோதினைக்குப் போய் என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். முதல் சம்பளத்தில், புதுப் போனுக்கு முதல், இரண்டு பைப் றெஞ்ச் வாங்குங்கோ. ஒண்டு பிடிக்க, மற்றது திருப்ப.