பாதி வேலையைப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள்!

பல வீடுகளில் ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் திறந்தால், பாதிப் பூவேலை செய்த தலையணை உறை இருக்கும். அடிப்பக்கம் மட்டும் பின்னிய ஒயர் கூடை இருக்கும். முகத்தை வரைந்து, கையை வரையாமல் விட்ட படம் இருக்கும்.

இவற்றைத் தொடங்கியவர் சோம்பேறி அல்ல. சமையலை முடித்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, கிடைத்த அரை மணி நேரத்தில் ஆசையோடு உட்கார்ந்தவர்தான். அல்லது நாள் முழுதும் அலுவலகத்தில் கணக்கு எழுதி விட்டு, இரவில் தூரிகையைக் கையில் எடுத்தவர்தான்.

ஏதோ ஓர் இடத்தில் கை சிக்கிக் கொண்டது. கேட்க ஆள் இல்லை. காட்ட வெட்கம். "முடிந்த பிறகு காட்டிக் கொள்ளலாம்" என்று மடித்து வைத்தார். மடித்தது மடித்தபடியே இருக்கிறது!

இந்த எண்ணம்தான் பல நல்ல கைகளைக் கெடுத்திருக்கிறது. பொழுதுபோக்காகச் செய்யும் கைவேலையை, முடிந்த பிறகு காட்டுவதை விட, நடக்கும்போதே காட்டுவது நல்லது. அதிலும், அதே வேலையில் ஆசை கொண்ட நாலு பேரிடம் காட்டுவது மிக நல்லது.

திருப்பிப் பார்க்கும் கண்

முடிந்த வேலையைப் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "அழகாக இருக்கிறது" என்பார்கள். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் போவார்கள். இரண்டினாலும் செய்தவருக்குப் பெரிய பயன் இல்லை. தவறு இருந்தாலும் இனித் திருத்த முடியாது.

பாதியில் இருக்கும் வேலை அப்படி அல்ல. அது இன்னும் பச்சை மண். பிசையலாம், மாற்றலாம்.

ஒயர் கூடை பின்னுகிறவர்களுக்கு இது தெரியும். ஒயரை அளந்து வெட்டுவதிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. அடிப்பக்கத்தைப் பின்ன வேண்டும். பிறகு நாலு பக்கமும் சுவர் எழுப்ப வேண்டும். ஒரு வரிசையில் ஒரே ஒரு முடிச்சு விட்டுப் போனால் போதும், கூடை ஒரு பக்கம் சாய ஆரம்பிக்கும். பின்னுகிறவருக்கு அது உடனே தெரியாது. மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்து பார்ப்பதால் கண்ணுக்கு அகப்படாது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டென்று தெரியும்.

"அக்கா, அந்த மூலையில் கொஞ்சம் இழுக்கிறதே, பாருங்கள்!" என்று பக்கத்து வீட்டுப் பெண் இரண்டாவது வரிசையில் சொன்னால், அவிழ்ப்பது ஐந்து நிமிட வேலை. இருபதாவது வரிசைக்குப் பிறகு சொன்னால், அவிழ்ப்பது ஐந்து நாள் வேலை. அப்போதுதான் கூடை பெட்டிக்குள் போகிறது!

துணியில் பூவேலை செய்கிறவர்கள் கூடும் இடத்தில் ஒரு வழக்கத்தைக் காணலாம். வேலை தெரியாதவர் துணியின் முன்பக்கத்தைப் பார்த்துப் பாராட்டுவார். வேலை தெரிந்தவர் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். நூல் எங்கே முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு எப்படித் தாண்டியிருக்கிறது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். இப்படித் திருப்பிப் பார்க்கும் கண் ஒன்று கிடைத்தால், அது ஆசிரியர் கிடைத்ததற்குச் சமம்.

வாசலில் வளர்ந்த கலை

தமிழ்நாட்டில், செய்யும்போதே எல்லோரும் பார்க்கும் கலை ஒன்று உண்டு. அதுதான் கோலம்.

கோலம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போடும் வேலை அல்ல. தெருவில், வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்கப் போடுவது. மார்கழி மாதத்தில் எதிர் வீட்டு அம்மாள் புள்ளி வைக்கும்போதே இந்த வீட்டுப் பெண் எண்ணத் தொடங்கி விடுவாள். 15 புள்ளியில் தொடங்கி, இடைப்புள்ளியாக இரு பக்கமும் 8 வரை வைத்தால், மொத்தம் 169 புள்ளிகள். அதில் ஒரு புள்ளி தவறினாலும், பார்த்துக்கொண்டு நிற்கிறவர் குரல் கொடுத்து விடுவார்.

சிக்குக் கோலத்தில் இன்னும் கவனம் வேண்டும். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் கோடு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். ஒரு வளைவு மாறினால் கோடு வேறு வழியில் போய் விடும்.

இந்தக் கலைக்குப் பள்ளிக்கூடம் கட்டியது யார்? சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றுக் கொடுத்தது யார்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. பார்த்துப் பழகினார்கள். கோல நோட்டுகள் வீடு விட்டு வீடு போயின. "உங்கள் நோட்டைக் கொடுங்கள், நாளை தருகிறேன்" என்று வாங்கிப் போனவர், அதில் இல்லாத புதுக் கோலம் ஒன்றையும் வரைந்து திருப்பிக் கொடுத்தார்.

அப்படி வளர்ந்த கோலம், கல்லூரிப் பேராசிரியர்களின் கவனத்தையும் கவர்ந்தது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர், கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலத்தின் அமைப்பைக் கணித விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்டு 1974.

வாசலில் எல்லோர் கண்ணிலும் பட்டதனால்தான் இந்தக் கலை இவ்வளவு தூரம் வந்தது. பெட்டிக்குள் இருந்திருந்தால் வந்திருக்குமா?

தாகூரின் நோட்டு

இரவீந்திரநாத தாகூர் கவிஞர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஓவியராகவும் ஆனது எப்படி என்பது சிலருக்குத்தான் தெரியும்.

கவிதை எழுதும்போது அவர் பல சொற்களை அடிப்பார், திருத்துவார். அடித்த இடங்களைக் கோடுகளால் இணைத்து, பறவை போலவும் விலங்கு போலவும் உருவங்களாக மாற்றுவார். அதை அவர் விளையாட்டாகவே செய்து வந்தார்.

1924-ல் அவர் தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினா நாட்டுக்குப் போனார். உடல்நலம் கெட்டு, விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளரின் விருந்தினராகத் தங்கினார். அந்த அம்மையார் தாகூரின் கவிதை நோட்டைப் பார்த்தார். அடித்தல் திருத்தல்களுக்கு நடுவே இருந்த உருவங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. "இது கிறுக்கல் அல்ல" என்று கண்டுகொண்டார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1930-ல், பாரிஸ் நகரில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. அதற்கு ஏற்பாடு செய்ய முன்னின்றவர் அதே ஒகாம்போதான். அப்போது தாகூருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது! அவர் விட்டுச் சென்ற ஓவியங்கள் 2000-க்கும் மேல்.

முடித்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டிய படத்தையா அந்த அம்மையார் முதலில் பார்த்தார்? இல்லை. அடித்தலும் திருத்தலும் நிறைந்த நோட்டைத்தான் பார்த்தார்.

வெள்ளைத் துணிக்கு அஞ்சிய வீரர்

பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், இந்தியாவின் விடுதலைக்கு விரோதி. அது வேறு கதை. அவருடைய ஓவியப் பழக்கத்தில் இங்கு எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

1915-ல் அவர் பதவி இறங்கி, மனம் உடைந்திருந்தார். வயது நாற்பது. ஆறுதலுக்காக வண்ணமும் தூரிகையும் வாங்கினார். ஆனால் ஓவியத் துணியின் வெண்மையைப் பார்த்ததும் கை ஓடவில்லை. மிகச் சிறிய தூரிகையால் மிகச் சிறிய பொட்டு ஒன்றை வைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் காரில் வந்து இறங்கினார், ஓவியர் ஜான் லேவரியின் மனைவி ஹேசல். அவரும் ஓவியம் வரைபவர். பெரிய தூரிகையைக் கேட்டு வாங்கி, வண்ணத்தில் தோய்த்து, துணியில் துணிவாக நாலு வீச்சு வீசினார். சர்ச்சிலின் பயம் பறந்தது. அதன் பிறகு வாழ்நாளெல்லாம் ஓவியம் அவருக்குத் துணையாக இருந்தது.

சர்ச்சில் அந்தப் பொட்டு வைத்த துணியை அவசரமாக மறைத்திருந்தால், பயமும் அங்கேயே இருந்திருக்கும்.

நட்பை முறித்த கடிதம்

ஆனால், காட்டினால் மட்டும் போதாது. பார்க்கிறவருக்கும் பண்பு வேண்டும்.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோ, 1885-ல் உருளைக்கிழங்கு தின்னும் ஏழைக் குடியானவர்களை வரைந்தார். அதைக் கல்லச்சுப் படமாக எடுத்து, ஐந்து ஆண்டுக் கால நண்பரான வான் ராப்பார்டு என்ற ஓவியருக்கு அனுப்பினார். நண்பரும் ஓவியர்தான், விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் அவர் எழுதிய பதில் கடுமையாக இருந்தது. உருவங்களின் குறைகளைச் சொன்னதோடு நிற்கவில்லை. கலையை இப்படி அலட்சியமாக நடத்தலாமா என்ற தோரணையிலும் எழுதிவிட்டார்.

வான் கோ அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பி விட்டார். நட்பு பிறகு ஒட்டவே இல்லை. அந்த ஓவியம் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் அருங்காட்சியகத்தில் பெருமையோடு தொங்குகிறது.

வான் கோவுக்கு நெஞ்சுரம் இருந்தது. அதனால் தொடர்ந்து வரைந்தார். புதிதாகத் தூரிகை பிடித்த பெண்ணுக்கோ, பத்து வயதுப் பையனுக்கோ அந்த உரம் இருக்குமா? ஒரு கடுஞ்சொல், ஒரு கையை என்றென்றைக்கும் முடக்கிவிடக் கூடும்.

எப்படிக் கேட்பது? எப்படிச் சொல்வது?

காட்டுகிறவர் முதலில் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். "இந்த இலைப் பக்கம் துணி சுருங்குகிறதே, ஏன்?" என்று கேட்டால், "நூலை இறுக்கி இழுக்கிறாய். துணியும் வளையத்தில் தளர்ந்திருக்கிறது" என்று பதில் வரும். பயன் உள்ளது அந்தப் பதில்தான்.

பார்க்கிறவர் மூன்று விஷயங்களை நினைவில் வைத்தால் போதும். முதலில், செய்கிறவர் என்ன செய்ய நினைக்கிறார் என்று கேட்க வேண்டும். மயில் வரைகிறவரிடம் கிளியின் குறையைச் சொல்லக் கூடாது! இரண்டாவது, குறை பத்து இருந்தாலும், இப்போதே திருத்தக் கூடிய ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவது, அடுத்தவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிச் செய்யக் கூடாது. பழைய துணியிலோ தனித் தாளிலோ செய்து காட்ட வேண்டும். சர்ச்சிலுக்கு நாலு வீச்சு பொருந்தியது. எல்லோருக்கும் பொருந்தாது.

குழந்தைகள் விஷயத்தில் இது மிக முக்கியம். பையன் மரத்துக்கு நீல வண்ணம் தீட்டினால், "மரம் பச்சை அல்லவா?" என்று தகப்பனார் தூரிகையை வாங்கிவிடுகிறார். படம் அழகாகி விடுகிறது. ஆனால் அது இப்போது தகப்பனாரின் படம்!

கண் பட்டுவிடுமா?

"முடியாததைக் காட்டினால் கண் பட்டுவிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. வேலை நின்று போவதற்குக் காரணம் கண் அல்ல. பழக்கம் போதாமையும், கேட்க ஆள் இல்லாமையும்தான்.

"என் மாதிரியைப் பார்த்து அடுத்தவர் செய்து விடுவார்" என்ற பயமும் உண்டு. அந்த வேலையை விற்றுப் பிழைப்பவருக்கு இந்தப் பயம் நியாயமானது. புது மாதிரி அவருடைய சோறு. அவர் மறைத்தால் குற்றம் இல்லை. மனமகிழ்ச்சிக்காகச் செய்கிறவருக்கு என்ன நஷ்டம்? அவர் கற்றதும் யாரோ ஒருவரைப் பார்த்துத்தானே!

இன்னொரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதி வேலைக்கே பாராட்டு வாங்கி, அதோடு திருப்தி அடைந்து, முடிக்காமலே விட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்கு மருந்து எளியது. அடுத்த முறை கூடும்போது, போன முறையை விட ஒரு விரற்கடையாவது வளர்ந்த வேலையைக் கொண்டு வர வேண்டும்.

வீட்டார் கடமை

கடைசியாக, வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை.

அம்மா பின்னிக்கொண்டிருக்கும்போது, "இது கடையில் மலிவாகக் கிடைக்குமே!" என்று சொல்லாதீர்கள். கிடைக்கும்தான். ஆனால் அவள் கூடைக்காக மட்டும் பின்னவில்லை. நாள் முழுதும் மற்றவர்களுக்காக ஓடிய கை, தனக்கென்று செய்யும் ஒரே வேலை அதுவாக இருக்கலாம். ஓய்வு பெற்ற தாத்தா காகிதக் கூழில் பொம்மை செய்தால், "வேலையற்ற வேலை" என்று சிரிக்காதீர்கள். அந்தப் பொம்மைதான் அவரை எழுப்பி உட்கார வைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் போதும். தெருவில் உள்ள நாலு பேர் ஒரு திண்ணையிலோ கூடத்திலோ கூடலாம். ஒருத்தி ஒயர் கூடை, ஒருத்தி பூவேலை, ஒரு பையன் படம், ஒரு பெரியவர் பொம்மை என்று அவரவர் வேலையை மடியில் வைத்துக்கொண்டு செய்யலாம். முடிந்ததைக் கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கு அனுப்புவது பிறகு இருக்கட்டும். முடியாததை முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள்.

இதில் போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். வீட்டார் அந்த ஒரு மணி நேரத்துக்குக் காப்பி போட்டுக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

ஒருவருக்கு மட்டும் தெரிந்த முடிச்சு அவரோடு போய்விடும். நாலு பேருக்குத் தெரிந்த முடிச்சு, அவர்கள் பேரப் பிள்ளைகளின் கையிலும் இருக்கும்.