கல்விக் கடன்: அவகாசம் கேட்கத் தயங்காதீர்!



சென்ற மாதம் ஓர் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவின் வாயிலில் ஒரு தாய் காத்திருந்தார். கையில் பழுப்பு நிற உறை. வங்கியிலிருந்து வந்த கடிதம். மகன் பொறியியல் முடித்து ஓராண்டும் மூன்று மாதங்களும் ஆகின்றன. படித்த படிப்புக்கு வேலை அமையவில்லை, துணிக்கடையொன்றில் கணக்கெழுதுகிறான். இரண்டு தவணைகள் நின்றுவிட்டன. "ஹஜ்ரத், வீட்டை எழுதிக்குவாங்களா?" என்று கேட்டபோது அவருடைய குரல் நடுங்கியது.

கடன் நான்கு லட்ச ரூபாய். அந்த அளவு வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை. அடமானம் வைக்காத வீட்டை வங்கி நேரே எடுத்துக்கொள்ள முடியாது; வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்றாக வேண்டும். இதைச் சொன்ன பிறகே அந்தச் சகோதரிக்கு மூச்சு வந்தது. "வங்கிக்குப் போனீர்களா, லாத்தா?" என்றேன். "எந்த முகத்தோட போறது ஹஜ்ரத்?" என்றார்.

வாசகப் பெருமக்களே! நம் இல்லங்களில் நடக்கும் தவறு இதுதான். கடன் வாங்கும்போது பத்து முறை வங்கிப் படி ஏறுகிறோம். கட்ட முடியாதபோது ஒருமுறை ஏற வெட்கப்படுகிறோம். தேர்தல்தோறும் எழும் தள்ளுபடிப் பேச்சை நம்பி வாளாவிருப்போரும் உண்டு.

இந்திய வங்கிகள் சங்கம் வகுத்துள்ள மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. தக்க காரணத்தால் படிப்பைக் குறித்த காலத்தில் முடிக்க இயலாதவர்க்கு இரண்டாண்டு வரை நீட்டிப்புத் தரலாம். பலர் அறியாத மற்றொன்றும் அத்திட்டத்தில் உண்டு: வேலையின்றியோ, படிப்புக்குக் குறைந்த வேலையிலோ இருக்கும் காலங்களைக் கருதி, கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்கலாம். சொந்தத் தொழில் தொடங்கும் பட்டதாரிக்கும் அவகாசம் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் இது மாதிரித் திட்டமே. முடிவு உங்கள் வங்கியினுடையது. கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்பதற்கும் காலம் உண்டு. நிலுவை 90 நாள்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் வங்கி மேலாளர் இரங்கினாலும் அவர் கை கட்டப்பட்டுவிடும். கடனில் தந்தையோ தாயோ உடன் கையொப்பமிட்டிருப்பதால் கறை அவர்கள் பெயரிலும் படியும். அந்தத் தாய்க்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். அண்ணனின் கணக்குக் கெட்டால், நாளை அவளுடைய கல்லூரிக் கடனுக்கு அதே தாய் கையொப்பமிடும்போது என்னவாகும்?

இனி மனத்தைக் கனக்கச் செய்யும் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்காண்டு வாங்கிய கடன். வட்டி 10 விழுக்காடு எனக் கொள்வோம். தவணை கட்டாத காலத்தில் தனிவட்டிதான் சேரும். படிப்பு முடியும்போது அது ஒரு லட்சம். அடுத்த ஓராண்டில் மேலும் 40,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000. மேலும் ஆறு மாதம் தள்ளிவைத்தால் ஏறக்குறைய 27,000 ஏறும்.

அவகாசம் கேட்பதற்குப் பதிலாகக் கடன் காலத்தை நீட்டச் சொல்லலாம். 15 ஆண்டு வரை இடமுண்டு. அந்த 5,40,000-ஐப் பத்தாண்டில் கட்டினால் மாதம் சுமார் 7,140 ரூபாய். பதினைந்தாண்டில் சுமார் 5,800. கை இலேசாகும். ஆனால் மொத்தத்தில் 1,88,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போகும்.

2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அவகாசத்துக்கு இடமளித்தது. தள்ளுபடி என்றே பலர் எண்ணினர். பின்னர், இரண்டு கோடி வரையிலான கடன்களில் கூட்டுவட்டியால் ஏறிய வேறுபாட்டை மட்டும் அரசு ஏற்றது. அசலும் தனிவட்டியும் கடனாளி தலையிலேயே நின்றன.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் பணிக்கிறது. அந்த அவகாசத்துக்கு விலை இல்லை. வங்கியின் அவகாசத்துக்கு விலை உண்டு. தவணை நாளில் "கட்டுகிறாயா, கூட்டித் தருகிறாயா?" என்று கேட்ட அறியாமைக் கால அரபிகளின் வழக்கமே இதற்கு மூதாதை. வட்டிக் கடனை வாங்கலாமா என்னும் மார்க்கத் தீர்ப்பை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கே இதை எழுதுகிறேன். என் கருத்து இது: அவகாசம் கேளுங்கள், ஆனால் தேவைக்கு மேல் ஒரு மாதமும் கேளாதீர்கள். அந்த மாதங்களிலும் இயன்றதைக் கட்டுங்கள். வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அநியாயம் என்றே கண்டித்தார்கள்.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் ஒரு சொல். ஸக்காத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் கடன்பட்டோரும் இருக்கின்றனர். பைத்துல் மாலிலிருந்து ஆறு தவணைகளைக் கர்ழன் ஹஸனாவாகக் கொடுத்தால் ஒரு வீட்டின் மீது வட்டி ஏறாது. அரங்க விழாக்களுக்குச் செலவிடும் ஜமாஅத்துகளுக்கு இது பெரிய தொகையா?

படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இப்போதே விழிக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதி பெற்ற கல்லூரிகளில் தொழிற்கல்வி பயில்வோருக்குப் படிப்புக் காலமும் அடுத்த ஓராண்டும் ஏறும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்கி வங்கியில் உரிய நேரத்தில் கொடுக்க வேண்டும். நம் தாய் கொடுக்கவில்லை, யாரும் சொல்லவில்லையாம். வெளிநாட்டுப் படிப்புக்காகச் சிறுபான்மையினர்க்கு இருந்த 'படோ பர்தேஷ்' வட்டி மானியமோ 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றும் அதைக் கேட்டு வருவோர் உண்டு.

விண்ணப்பம் எழுத்தில் இருக்கட்டும். கடன் எண், இப்போதைய வருமானம், வேலை தேடியதற்கான சான்றுகள், எத்தனை மாத அவகாசம், அதன்பின் எவ்வளவு கட்ட இயலும் என்பன அதில் வேண்டும். நகலில் வங்கி முத்திரையும் தேதியும் பெறுங்கள். முப்பது நாள்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணமில்லை.

அந்தச் சகோதரி விண்ணப்பத்தை என்னையே எழுதித் தரச் சொன்னார். நான் மறுத்து, மகனை அழைத்துவரச் சொன்னேன். மறுநாள் இஷாவுக்குப் பின் வந்தான். மதரஸாவில் என்னிடம் ஓதிய பையன்தான். ஓராண்டு அவகாசம் என்று எழுதியிருந்தான். கணக்கைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை அடித்து ஆறு மாதம் என்று திருத்தினான். மாதம் இரண்டாயிரம் இப்போதே கட்டுவதாகத் தானே ஒரு வரி சேர்த்தான். வங்கி ஏற்றுக்கொண்டது.