சீமைக்கருவேலம்: வெட்டிய கணக்கு இருக்கிறது, தூர் எடுத்த கணக்கு எங்கே?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகிறவர்களுக்குச் சீமைக்கருவேலத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்மாய்க்குள், வரத்துக்காலில், பல வருடம் உழாமல் கிடக்கும் கரிசலில் எல்லாம் அதுதான் நிற்கிறது. ஏலம் விடுகிறார்கள், வெட்டுகிறார்கள், லாரியில் ஏற்றுகிறார்கள். இரண்டு மழை கழிந்தால் ஒரு தண்டு இருந்த இடத்தில் நான்கைந்து தண்டு. வழக்கு, உத்தரவு, மாணவர் முகாம் எல்லாம் நடந்த பிறகும் இதுதான் நிலைமை.

2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. கிணறு வற்றிய அந்த ஆத்திரத்தில்தான் இந்த மரம் ஊரெங்கும் பேச்சானது. வைகோ உள்ளிட்டோர் தொடுத்த பொதுநல வழக்கில், 2017 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மரத்தை அகற்றும்படி உத்தரவிட்டது. அரியலூரில் ஜாமீன் கேட்டு வந்தவர்களை நீதிமன்றம் 100 மரம் வெட்டச் சொன்னது. கல்லூரி மாணவர்கள் அரிவாளோடு கண்மாய்க்கு வந்தார்கள். ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை மாநில அரசு 2022-ல்தான் வெளியிட்டது.

இடைப்பட்ட காலத்தில் மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? இந்த மரம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், இதில் பறவை கூடு கட்டாது என்பவைதான். இரண்டுமே தவறு. கூந்தன்குளத்தில் கூழைக்கடா இதே மரத்தில் கூடு கட்டுகிறது. பொய்யான காரணம் சொல்லி ஆரம்பித்த வேலைக்கு ஒரு கேடு உண்டு: அந்தப் பொய் வெளிப்பட்டதும், உண்மையான காரணத்தையும் யாரும் நம்புவதில்லை.

உண்மையான காரணம் இதுதான். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் ஓடைக்கரையிலும் கண்மாயிலும் இதன் வேர் நேராக நீர்மட்டத்தைத் தொட்டு, கோடையிலும் இலை உதிராமல் நீரை இழுக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஓடைக்கரை மரங்களை அகற்றிப் பார்த்தபோது நிலத்தடி நீர் மிச்சமாவது அளவீட்டில் தெரிந்தது. சரளை மேட்டில் நிற்கும் மரம் அப்படியல்ல, பெய்த மழையைத் தாண்டி அதற்கு எடுக்க ஒன்றுமில்லை. ஆகவே கண்மாயையும் கரட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

மறுபடி துளிர்ப்பதன் ரகசியம் தரைக்குக் கீழே இருக்கிறது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் நிறைய. தரையோடு வெட்டினால் அவை எல்லாம் ஒன்றாக எழும்பும். மண்ணுக்குள் ஓர் அடிக்குக் கீழே வேரை அறுத்துத் தூரை எடுத்தால்தான் மரம் சாகும். ஏலம் எடுத்தவருக்கு லாபம் தண்டில் இருக்கிறது. தூர்க்கட்டைக்கும் கரிமூட்டத்தில் விலை உண்டு என்றாலும், இறுகிய கரிசலில் தோண்டும் கூலி அதை விழுங்கிவிடுகிறது. அவர் வெட்டிவிட்டுப் போவதில் வியப்பில்லை. ஏல நிபந்தனையில்தான் கோளாறு. முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, அடுத்த மழைக்குப் பின் துளிர் இல்லை என்று பார்த்த பிறகு திருப்பித் தருவதே முறை.

அடுத்தது விதை. இனிப்பான காயை ஆடு மாடு விரும்பித் தின்னும். கடினத் தோலுள்ள விதை வயிற்றில் ஊறி, சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். முளைக்காத விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். (கென்யாவில் பாரிங்கோ பகுதி மக்கள், இந்தக் காயைத் தின்று பல் போன ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள்!) நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காய் உதிரும் பருவத்தில் காட்டில் மேய்ந்த மந்தையை நேராகப் புஞ்சையில் அடைத்தால், உரத்தோடு விதையும் நாமே போட்டதாகிவிடும். ஒரு வாரம் வேறு மேய்ச்சலில் விட்டுப் பிறகு கிடை போடலாம். தீவனமாகக் கொடுப்பதென்றால் காயை விதை உடையும்படி அரைத்துக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிலமில்லாத பல குடும்பங்களுக்கு விறகும் கரியும்தான் கோடைக்காலச் சம்பளம். முதலில் வரத்துக்காலும் கண்மாயும், அடுத்து பட்டா தரிசு, உவர் நிலமும் சரளை மேடும் கடைசியில் என்ற வரிசை போதும். தரிசில் மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியூரில் இருப்பவரின் பத்து ஏக்கர் புதராகக் கிடந்தால் பக்கத்துக்காரர் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட முடியாது, காட்டுப்பன்றி அங்கேதான் பதுங்குகிறது. தரிசைத் தொகுப்பாகச் சீர்படுத்தும் கலைஞர் திட்டத்தில் 10 முதல் 15 ஏக்கர் சேர வேண்டும் என்பது விதி. அந்த வெளியூர்க்காரரின் சம்மதம் வாங்குவதுதான் களப்பணியாளருக்குப் பெரிய வேலை.

சீர்படுத்திய நிலத்தை அந்த ஐப்பசியிலேயே விதைத்துவிட வேண்டும். குதிரைவாலியோ சோளமோ, ஏதாவது ஒன்று. சும்மா போட்டால் கன்று முளைக்கும். முதல் இரண்டு மழைக்காலத்தில், ஈரம் காயும் முன்பே சாண் உயரக் கன்றைக் கையால் பிடுங்கலாம். மூன்றாம் வருடம் அதற்கு மண்வெட்டி வேண்டும். கண்மாய்க்குள் வேலை செய்வோர் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிட வேண்டாம்: அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி மாலைபோல் இடுக்கு விழுந்திருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிர், காய் மஞ்சள் நிறத்தில் தட்டையாக இருக்கும்.