இடிக்குமுன் ஒரு படம்

அகல ரயில்பாதை வேண்டாம் என்று ரயில்வேயில் உழைத்த நான் சொல்லமாட்டேன். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023-இல் அகலப் பாதையில் போடிக்கு ரயில் வந்தது நல்லதே. ஆனால், இடையில் பூட்டிக் கிடந்த சிறு ஸ்டேஷன்களைப் படமெடுத்து வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

புதுக் கட்டடத்துக்கு வரைபடம் இருக்கும். சுண்ணாம்புக் காரையில் எழுந்த பல பழைய கட்டடங்களுக்கு நம் நினைவு மட்டுமே சாட்சி. டில்லியில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த நினைவும் இல்லை.

விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்களே! ஸ்டேஷனோ, சத்திரமோ, பள்ளிக்கூடமோ, அனுமதி பெற்று நாற்புறமும் படமெடுங்கள். உயரம் தெரிய, சுவரருகே ஓர் ஆளை நிறுத்துங்கள். ஊர், தேதி குறித்து வையுங்கள். வளர்ச்சி நமக்காகக் காத்திருக்க வேண்டாம்; நாம் முந்திக்கொள்வோம்.