மூன்றாவது பங்கே ஜாடிக்கு



கடந்த தை மாதம் எங்கள் கொல்லைப் பந்தலில் அவரை, அல்லாஹ்வின் அருளால், கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. பறித்து மாளவில்லை. காணொளி ஒன்றில் கண்டபடியே காய்களை நறுக்கி, உப்புநீருடன் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, கொதிநீரில் அரைமணி நேரம் வைத்து இறுக மூடினேன். அலமாரியில் பன்னிரண்டு பாட்டில்கள் வரிசையாக நின்றதைக் கண்டு உள்ளம் பூரித்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டின் மூடிகள் உப்பியிருந்தன. பன்னிரண்டையும் அப்புறப்படுத்த முனைந்தேன். "ரிஸ்கைக் கொட்டலாமா, மகளே? பிஸ்மில்லாஹ் சொல்லி ஆக்கினால் ஆகாதா?" என்று மாமி தடுத்தார்கள்.

மாமியின் அச்சம் இறையச்சத்திலிருந்து பிறந்தது. அதை நான் மதிக்கிறேன். எனினும் அன்று நான் அதற்கு இணங்கவில்லை. பாட்டில்களைத் திறவாமலே பையில் கட்டி அகற்றினேன்.

காரணம் இதுதான். மண்ணில் வாழும் 'கிளாஸ்டிரிடியம் போட்டுலினம்' என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீரிலும் மடிவதில்லை. காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த பாட்டில் அவை முளைப்பதற்கு ஏற்ற இடம். அங்கே அவை சுரக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி, மூச்சையே நிறுத்திவிடக் கூடியது. மூடி உப்புவது ஓர் அடையாளம். சில வேளைகளில் நிறம், மணம், சுவை எதிலும் மாற்றம் தெரியாது. அவரை, பீன்ஸ், வெண்டை போன்றவற்றைப் பாட்டிலில் அடைப்பதற்கு 116 முதல் 121 பாகை வரை நீராவி அழுத்தம் தரும் தனிக் கருவி வேண்டும். நம் வீட்டுக் குக்கர் அதற்கென அளவிடப்பட்டதன்று.

திருக்குர்ஆன் (2:168) நம்மை உண்ணப் பணிப்பது ஹலாலானதை மட்டுமன்று, தூய்மையானதையும்தான். நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்றும் அதே அத்தியாயம் (2:195) எச்சரிக்கிறது. பிஸ்மில்லாஹ் நல்லுணவுக்குப் பரக்கத். கெட்டுப்போன உணவுக்கு மருந்தன்று. நஞ்சென்று ஐயுற்ற உணவை அகற்றுவது வீண்விரயமாகாது. அதைப் பிள்ளைகளின் தட்டில் வைப்பதே அமானிதத்துக்குச் செய்யும் மோசடி.

நம் மூத்தோர் இந்த நுண்ணுயிரியின் பெயரை அறிந்திருக்கவில்லை. ஆயினும் மாங்காய், எலுமிச்சை, நார்த்தை ஆகிய புளிப்புக் காய்களையே உப்பிட்டு ஊறவைத்தார்கள். அவரை, கொத்தவரை, சுண்டைக்காயை உப்புநீரில் அவித்து, ஈரம் அறவே வற்றும்வரை வெயிலில் உலர்த்தி வற்றலாக்கினார்கள். உப்பு, புளிப்பு, வெயில் என்னும் அந்த அறிவை விட்டுவிட்டு, காணொளியைப் பாதி மட்டும் பார்த்துச் செய்தது என் தவறு.

ஆனால் அது என் இரண்டாவது தவறுதான். முதல் தவறு காய் பறித்த அன்றே நிகழ்ந்துவிட்டது. எதிர்வீட்டில் ஐந்து பிள்ளைகளுடன் ஒரு குடும்பம் வசிக்கிறது. பன்னிரண்டு பாட்டில் நிறைய வேண்டும் என்ற ஆசையில், அவ்வீட்டுக்கு ஒரு கைப்பிடிக் காய்கூட நான் அனுப்பவில்லை. கொடுத்திருந்தால் அன்றிரவே பத்து வயிறு நிறைந்திருக்கும்; குப்பைக்குப் போக ஒன்றும் எஞ்சியிருக்காது. அறுவடை நாளிலேயே அதன் உரிமையைக் கொடுத்துவிடுவதும், விரயம் செய்யாதிருப்பதும் ஒரே வசனத்தில் (6:141) சேர்த்துக் கூறப்பட்டிருப்பதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

சேமிப்பது தவக்குலுக்கு எதிரானதன்று. நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை எடுத்து வைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. யூசுஃப் (அலை) அவர்கள் தானியத்தைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்னதும் சேமிப்பின் கலையே. அது ஒரு நாட்டு மக்களின் பசிக்காகச் செய்த சேமிப்பு.

குர்பானி இறைச்சி பற்றிய நபிமொழியையும் நினைவுகூர்வோம். மக்கள் வறுமையுற்றிருந்த ஓராண்டில், மூன்று நாள்களுக்கு மேல் இறைச்சியை வைத்திருக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மறு ஆண்டு அந்தத் தடையை நீக்கி, உண்ணவும், உண்ணக் கொடுக்கவும், சேமித்து வைக்கவும் அனுமதித்தார்கள். இதுவும் புகாரியில் பதிவாகியுள்ளது. அயலார் பசித்திருக்கையில் சேமிப்புக்கே தடை வந்தது. தடை நீங்கிய பின்னரும் சேமிப்பு மூன்றாவதாகவே சொல்லப்பட்டது. இந்த வரிசை நம் அடுக்களைக்கும் போதுமான பாடம் என்பேன்.

இப்போது மாங்காய்க் காலம். எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு வைத்துள்ளோம். இது ஷரீஅத் விதித்த அளவன்று. எங்களுக்கு நாங்களே வகுத்துக்கொண்டது. முதலில் அன்றைய சமையலுக்கு எடுக்கிறோம். அடுத்து, அழுகலும் அடிபட்டதுமல்லாத நல்ல காய்களாகப் பொறுக்கி அண்டை வீடுகளுக்குக் கொடுக்கிறோம். எஞ்சியதே ஜாடிக்கு. ஊறிய பின்னும் அதில் ஒரு கிண்ணம் வெளியே போகிறது.

முதல் கூடை எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் மாமி இப்போதெல்லாம் உப்பைக் கையில் எடுக்கிறார்கள்.

அல்லாஹ் நம் உணவைத் தூயதாக்கி, நம் அண்டை வீட்டாரையும் அதில் பங்காளிகளாக்குவானாக. ஆமீன்.