ஜூனியர் என்பதும் ஒரு வகுப்புதான்



ஒரு வாரமாக சாயங்கால நேரத்தில் பேத்தியோடு உட்கார்ந்து யூடியூபில் ஐஸ் ஸ்கேட்டிங் பார்க்கிறேன். ஜூனியர் கிராண்ட் பிரி என்று பெயர். பல நாட்டுப் பிள்ளைகள் பனித்தளத்தில் பாட்டுக்கு ஏற்றபடி சுழன்று, துள்ளி ஆடுகிறார்கள். நம்ம பரமத்தி வேலூரில் ஐஸ் என்றால் மீன் கடைப் பெட்டியில் பார்ப்பதுதான். அதனால் விதி எதுவும் தெரியாமலேயே பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு பெண் எகிறிக் குதித்து இறங்கும்போது தடாலென்று விழுந்தாள். "அப்புச்சி, இனி அவ்வளவுதானா?" என்றாள் பேத்தி. பாட்டு நிற்கவில்லை. அந்தப் பெண் எழுந்து மீதியையும் ஆடி முடித்தாள். விழுந்ததற்கு ஒரு புள்ளி கழிப்பார்கள், அந்தத் தாவலுக்கும் மதிப்பெண் குறையும். மற்றதுக்கெல்லாம் உரியது உண்டு. நம் பரீட்சையும் இப்படித்தானே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வயது விதியைத் தேடிப் படித்தேன். 13 வயது நிறைந்தவர்கள் ஜூனியரில் ஆடலாம். முன்பெல்லாம் 15 வயதிலேயே பெரியவர்கள் போட்டிக்குப் போய்விடலாம். ரஷ்யாவின் கமிலா வலியேவா 2020இல் உலக ஜூனியர் சாம்பியன். 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடியபோது வயது 15. ஊக்கமருந்து விவகாரம் ஒரு பக்கம், தங்கம் அவளுக்குத்தான் என்ற எதிர்பார்ப்பு இன்னொரு பக்கம். கடைசி ஆட்டத்தில் தடுமாறி விழுந்து, அன்று 4ஆவதாக முடித்தாள். அந்த ஜூன் மாதமே சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், பெரியவர் பிரிவுக்கான வயதைப் படிப்படியாக 17 ஆக உயர்த்த முடிவெடுத்தது.

நம்ம பக்கம் பனி இல்லை, சக்கரம் உண்டு. சென்னைத் தம்பி ஆனந்த்குமார் வேல்குமார் 2021இல் கொலம்பியாவில் உலக ஜூனியர் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் வெள்ளி வாங்கினார். 2025இல் சீனாவில், பெரியவர்கள் பிரிவில் 1000 மீட்டர் உலகத் தங்கம். நடுவில் 4 வருஷம். வேலூர்க்காரர்களுக்கு இது புரியும். வாழைத்தாரை முற்றவிட்டு வெட்டினால்தான் பழம். பிஞ்சில் வெட்டி, கல் வைத்துப் பழுக்க வைத்தால் நிறம் வரும், ருசி வராது.

இதை எழுதக் காரணம், போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். "சார், பாப்பாவ ஆறாவதுலயே ஹாஸ்டல்ல சேர்த்து நீட்டுக்கு ரெடி பண்ணலாம்னு இருக்கறனுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

வேண்டாம் என்றேன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு நேராகப் பன்னிரண்டை நடத்திய பள்ளிகள் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. அதைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதுவும் இல்லை. இப்போது ஆறாவதிலிருந்தே பன்னிரண்டாவதுக்கு ஓடச் சொல்கிறோம்.

எனக்கு இதில் பழைய கடன் ஒன்று உண்டு. என்னிடம் படித்த ஒரு பையனை நானே சிபாரிசு செய்து விடுதிப் பள்ளியில் சேர்த்தேன். லீவில் வந்து அழுதான். "போகப் போகச் சரியாயிடும்" என்று அவன் அப்பாவிடம் சொல்லி, நானே பஸ் ஏற்றி அனுப்பினேன். சரியாகவில்லை. பாதியில் படிப்பையே விட்டான். தம்பி, இதைப் படித்தால் என்னை மன்னித்துக்கொள்.

"முன்கூட்டியே ஆரம்பிக்காவிட்டால் சீட் கிடைக்குமா சார்?" என்பீர்கள். நியாயமான பயம்தான். பதினொன்றையும் பன்னிரண்டையும் முழுசாகப் படிக்கவிடுங்கள், அதற்கான காலம் அதுதான். அதற்கு முந்தின வருஷங்களில் பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிடட்டும், விளையாடட்டும், விழட்டும். விழுந்தால் ஒரு புள்ளிதான் குறையும் கண்ணுங்களா.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.