பையைப் பார்த்துக்கொள்வது யார்?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை சன்வே லகூனுக்குப் போய் வந்த கதையைச் சொல்லியிருக்கும். மாமா மகன் கெந்திங் மலையில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டியிருப்பான். உடனே நம் பிள்ளைகள், "நாம எப்பம்மா போறது?" என்று நச்சரிக்கத் தொடங்குவார்கள். கேட்பதில் தவறில்லை. ஆண்டு முழுவதும் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைக்கிற குடும்பத்துக்கு ஒரு நாள் மகிழ்ச்சி வேண்டாமா?

வாசக நேயர்களே, இப்படி ஒரு பயணத்துக்குத் திட்டமிடும்போது பணத்தை எண்ணுகிறோம், வண்டி விசாரிக்கிறோம், என்ன சமைத்துக் கட்டலாம் என்று யோசிக்கிறோம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. பூங்காவுக்குள் போன பிறகு, பைகளையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு நிழலில் உட்காரப் போவது யார்?

ஏன் கேட்பதில்லை என்றால், பதில் எல்லாருக்கும் தெரியும். அம்மா உட்காருவாள். அம்மாவுக்கு அடுத்தபடியாக மூத்த மகள் உட்காருவாள். கோம்பாக்கில் 1975 முதல் 1994 வரை இயங்கிய மீமாலண்டுக்குப் பேருந்தில் போய் வந்த பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். தம்பி தங்கைகளின் ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு குளத்தை வேடிக்கை பார்த்த அக்காமார்கள் அன்றும் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். முழுக் கட்டணம் கட்டி உள்ளே கூட்டிப் போய், ஒரு பிள்ளையைக் காவலுக்கு வைத்துவிட்டு வருவது என்ன நியாயம்?

ஐந்து விரலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பதினைந்து வயது மகள், பதினொரு வயது மகன், ஏழு வயது மகள், இரண்டு வயதுக் கைக்குழந்தை. இந்த ஆறு பேருக்கும் அது பண்டிகை நாளாக அமைய என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

எந்தப் பூங்கா?

விளம்பரத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகளின் வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜொகூரில் 2012-ல் திறக்கப்பட்ட லெகோலேண்ட், இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. எல்லாரும் சிறு பிள்ளைகள் என்றால் அது பொருந்தும். நம் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அங்கே அலுப்புத் தட்டிவிடும். கெந்திங் மலையில் 2022-ல் திறக்கப்பட்ட ஸ்கைவோர்ல்ட்ஸ் பெரிய பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் மலை உச்சியில் குளிர், மூடுபனி, திடீர் மழை மூன்றும் உண்டு. கைக்குழந்தைக்குக் கம்பளிச் சட்டை இல்லாமல் போகக் கூடாது.

எல்லா வயதினருக்கும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டுமென்றால் நீர் விளையாட்டும் விலங்குகளும் சேர்ந்த பூங்காவே வசதி. பேரா மாநிலத்தவர்களுக்கு ஈப்போ அருகே சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே தம்பூன் பூங்கா இருக்கிறது. அங்கே இயற்கையான வெந்நீர் ஊற்றும் உண்டு. பகல் முழுவதும் நின்று கால் கடுத்துப்போன பெரியவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். சிலாங்கூர், நெகிரி செம்பிலான் பக்கம் இருப்பவர்களுக்கு 1993-ல் திறக்கப்பட்ட சன்வே லகூன் இருக்கிறது. ஈயம் தோண்டிய நிலம் அலைக்குளமாகவும் ராட்டினமாகவும் மாறியிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

உயரத்தை வீட்டிலேயே அளந்து பாருங்கள்

பூங்காவில் வயதைவிட உயரத்துக்குத்தான் மதிப்பு. ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் ஓர் அளவுக் கோல் நிற்கும். சிலவற்றுக்கு 90 செண்டிமீட்டர், சிலவற்றுக்கு 100, பெரிய ராட்டினங்களுக்குப் பெரும்பாலும் 120, சிலவற்றுக்கு அதற்கும் மேல். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுச் சுவரில் சாக்குக்கட்டியால் இந்த அளவுகளைக் கோடு போட்டு, செருப்பில்லாமல் பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள்.

ஏழு வயதுப் பிள்ளை 120-க்குச் சற்று மேலேயும் இருக்கலாம், சற்றுக் கீழேயும் இருக்கலாம். கீழே என்றால் அதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். "உனக்கு அந்தப் பெரிய ராட்டினம் அடுத்த வருஷம், இந்த வருஷம் இது" என்று படத்தைக் காட்டிச் சொன்னால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு வாசலில் திருப்பி அனுப்பினால் அழாமல் என்ன செய்யும்?

தடித்த செருப்பைப் போட்டும் தலைமுடியைத் தூக்கிக் கட்டியும் உயரத்தைக் கூட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். உடம்பைப் பிடித்து வைக்கும் இரும்புத் தண்டும் பட்டையும் ஓரளவு வளர்ந்த உடம்புக்கென்று செய்யப்பட்டவை. சிறிய உடம்பு அதிலிருந்து நழுவிவிடக்கூடும்.

முறை வைத்துக்கொள்ளுங்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முதல் நாள் இரவு ஒரு தாளை எடுத்துக்கொண்டு எல்லாரும் உட்காருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டிய ஒரு விளையாட்டைச் சொல்லட்டும். ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது கட்டாயம் நடக்கும் என்று வாக்குக் கொடுங்கள். மூத்த மகள், "எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்பாள். விட்டுவிடாதீர்கள். விட்டுக்கொடுத்துப் பழகிய பிள்ளை அப்படித்தான் சொல்லும். இரண்டாம் முறையும் கேளுங்கள். அம்மாவின் பெயரையும் அதே தாளில் எழுதுங்கள்.

பிறகு நேரத்தைப் பிரியுங்கள். காலையில் பெரட்டுக்கு எழுந்து பழகியவர்கள் நாம். பூங்காவின் வாசல் திறக்கும்போதே அங்கே நிற்பது நமக்குப் பெரிய காரியமல்ல. முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டம் குறைவு. பெரிய ராட்டினங்களை அப்போதே முடித்துவிட வேண்டும். அப்பா பெரிய பிள்ளைகள் இருவரோடு போகட்டும். அம்மா சின்னவர்களோடு விலங்குகளைப் பார்க்கட்டும். அடுத்த ஒரு மணி நேரம் மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் கைக்குழந்தை, அம்மாவுக்கும் மூத்த மகளுக்கும் விளையாட்டு. தாயும் மகளும் ஒரே ராட்டினத்தில் உட்கார்ந்து கூச்சல் போட்டால் குடி முழுகிப் போகாது!

சில பூங்காக்களில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஒருவர் குழந்தையோடு வாசலில் காத்திருக்க, மற்றவர் விளையாடி முடித்து வந்ததும், காத்திருந்தவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். பைகளுக்குப் பூட்டுப் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும். அந்தச் சில வெள்ளியை மிச்சப்படுத்தப் போய் ஓர் ஆளைக் காவலுக்கு உட்கார வைப்பது நட்டக் கணக்கு.

பகல் சாப்பாட்டை பதினொன்றரை மணிக்கே முடித்துவிட்டால் கூட்டத்தில் இடிபட வேண்டாம். அதன் பிறகு கைக்குழந்தை தூங்கும். நம் நாட்டின் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை புதிதல்ல. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அது அதிகம். மின்னல் கண்டால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் கேட்ட 'ஒன்றே ஒன்று' எல்லாம் பகலுக்குள் முடிந்திருந்தால் மழை வந்தாலும் யாருக்கும் ஏமாற்றம் இருக்காது.

தண்ணீரில் கவனம்

மூத்தவளைக் காவலுக்கு விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை, கையை ஆட்டுவதில்லை. சத்தமில்லாமல் போய்விடும். ஒரு குளத்தருகே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால், அடுத்தவர் பார்த்துக்கொள்கிறார் என்று ஐவரும் நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. ஆகவே பொறுப்பை வாயால் சொல்லிக் கை மாற்றுங்கள். "இப்ப நீங்க பாருங்க" என்றால், "சரி, நான் பாக்கிறேன்" என்ற பதில் வர வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடக் கூடாது. சின்னப் பிள்ளை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். இது பெரியவர்களின் வேலை. பதினைந்து வயதுப் பெண்ணும் ஒரு பிள்ளைதான் என்பதை மறந்துவிடாதீர்கள். உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்களே என்று அலட்சியமாக இருப்பதும் கூடாது.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல பூங்காக்கள் பருத்தித் துணியோடும் ஜீன்ஸோடும் குளத்தில் இறங்க விடுவதில்லை. சேலை கட்டி வந்த தாய்மார்கள் கரையிலேயே நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். கையும் காலும் மறையும் நீச்சல் உடை இரவுச் சந்தையில் கிடைக்கிறது. கூச்சமில்லாமல் அதை வாங்கிக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு நீச்சலுக்கென்று விற்கும் பெம்பர்ஸ் வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சட்டை போடுங்கள். சட்டைப் பையில் அப்பாவின் தொலைபேசி எண்ணை எழுதி, நனையாதபடி பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். வழி தவறினால் எங்கே வந்து நிற்பது என்று உள்ளே நுழைந்ததும் ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

பணமும் பயணமும்

மலேசியர்களுக்குப் பல பூங்காக்களில் கட்டணம் குறைவு. அதற்கு மைகார்டும் பிள்ளைகளின் மைகிட்டும் கையில் இருக்க வேண்டும். 90 செண்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணம் வாங்காத பூங்காக்கள் உண்டு. கணக்குப் பார்ப்பதற்காக மட்டும் பெரியவருக்கு 100 வெள்ளி, சிறியவருக்கு 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, மூத்த மகள் மூவருக்கும் 300, நடுப் பிள்ளைகள் இருவருக்கும் 160, ஆக 460. போக்குவரத்துக்கு 60, சாப்பாட்டுக்கு 120, பூட்டுப் பெட்டிக்கும் மற்றதுக்கும் 40 என்றால் மொத்தம் 680 வெள்ளி. மாதம் 85 வெள்ளி வீதம் மைலோ டின்னில் போட்டு வந்தால் எட்டு மாதத்தில் சேர்ந்துவிடும். டிக்கெட் வாங்குவதற்கு முன் அன்றைய கட்டணத்தையும், அன்று பூங்கா திறந்திருக்குமா என்பதையும் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் மூடும் பூங்காக்களும் உண்டு.

ஆலோங்கிடம் கடன் வாங்கி உல்லாசப் பயணம் போக வேண்டாம். ஒரு நாள் சிரிப்புக்கு ஒரு வருட அழுகை எதற்கு? பணம் சேரவில்லை என்றால் 1880-ல் பழைய ஈயக் குட்டைகளில் அமைந்த தைப்பிங் ஏரிப் பூங்காவும், பக்கத்திலேயே விலங்குக் காட்சி சாலையும் இருக்கின்றன. கட்டுச்சோற்றோடு போய் வரலாம். கேளிக்கைப் பூங்காக்களில் பெரும்பாலும் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை. குழந்தையின் பாலும் கஞ்சியும் மட்டும் கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலைப் பசியாற வீட்டிலிருந்து கொண்டுபோய் வாசலுக்கு வெளியிலேயே சாப்பிட்டுவிட்டால் ஒரு வேளைச் செலவு மிச்சம்.

கிள்ளான் பக்கத்தவர்கள் கேடிஎம் ரயிலில் சித்தியா ஜெயாவில் இறங்கி, 2015 முதல் ஓடும் சன்வே பிஆர்டி பேருந்தில் ஏறினால், இரண்டாவது நிறுத்தம் சன்வே லகூன். தூரத்துத் தோட்டத்தவர்கள் ஆலய நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ மூலம் ஒரு பேருந்து பேசிக்கொள்ளலாம். கூட்டமாகப் போனால் நுழைவுக் கட்டணத்திலும் கழிவு கேட்கலாம்.

சம்பளம் போய்விடுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு: 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. முன்கூட்டியே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்து, பள்ளி விடுமுறையில் வரும் ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். சனி, ஞாயிறைவிட கூட்டம் குறையும்.

நேயர்களே, பிள்ளைகள் வளர்ந்த பிறகு எத்தனை ராட்டினம் ஏறினோம் என்பதை மறந்துவிடுவார்கள். அன்று தன்னை யாராவது நினைத்தார்களா என்பதை மட்டும் மறக்க மாட்டார்கள். இந்த விடுமுறைக்குத் தாளை எடுத்து எழுத உட்காரும்போது மூத்த மகளின் பெயரை முதலில் எழுதுங்கள். அம்மாவின் பெயரை அதற்கடுத்து எழுதுங்கள். பைகளைப் பூட்டுப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.